உப்பில்லாத அரசாணிக்காய்

மழை விட்ட காலை. சமையலறை ஜன்னலில் வெளிச்சம்கூட ஈரமாக இருந்தது. தண்ணீரில் மிதந்த முருங்கைக் கீரையின் மேல் அது மெல்ல இறங்கியது.

தமயந்தி கீரையை அலசினாள். தண்ணீரை மாற்றினாள். மறுபடி அலசினாள். பூச்சிமருந்து துளியும் மிச்சம் இருக்கக் கூடாது. அவ்வளவு சின்ன உடம்புகள்.

கூண்டில் இரண்டு காக்டீல் கிளிகள். சாம்பல் உடல், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. கடுகு, சீரகம் என்று பெயர் வைத்தவர் அவள் கணவர் குழந்தைவேலு. தினமும் உள்ளங்கையில் சூரியகாந்தி விதை வைத்து நீட்டுவார். இரண்டும் ஓடி வரும்.

ஆடியில் அவர் காலமாகிவிட்டார். அதன்பின் விதையை அவள் நீட்டினாள்.

ஐப்பசியில் சீரகம் சுருண்டு உட்கார்ந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கோயம்புத்தூரில் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் மெஹருன்னிசாவிடம் எடுத்துப் போனாள். ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்றார் அவர். வெறும் விதை ஆகாது, பச்சையாக, புதிதாகக் கொடுக்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து காலைகள் கத்திக்கும் பலகைக்கும் ஆகின. கேரட்டைத் துருவினாள். பச்சைப்பயறு முளைகட்டினாள். மஞ்சள் பூசணியை, அவள் வாயில் அரசாணிக்காயை, உப்பில்லாமல் வேகவைத்தாள். கொய்யாவைப் பொடியாக நறுக்கினாள்.

கிண்ணம் வண்ணமாக இருந்தது. கிளிகள் தொடவில்லை. ஓரத்தில் வைத்த நாலு விதையை மட்டும் கொறித்தன.

கெட்டுப்போகும் முன் எடுத்துக் கொட்டுவாள். மறுநாள் மறுபடி நறுக்குவாள். அவளுக்கு ஒரு டீ, இரண்டு ரஸ்க். அடுப்போரம் நின்றபடியே. ஒருத்திக்காக உலை வைக்கக் கை வரவில்லை.

சீரகத்தின் நெஞ்செலும்பு விரலில் கத்திபோல் தட்டியது. அடுத்த முறை தராசில் வைத்தபோது டாக்டரின் முகம் மாறியது. தீனியை எங்கே வைக்கிறீர்கள், எப்போது வைக்கிறீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசியாக இதையும் கேட்டார்:

“நீங்க எப்ப சாப்பிடுவீங்க?”

தமயந்தியிடம் அதை யாரும் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

“நானுங்களா? ஏதோ ஒரு நேரத்துக்குங்க. நின்னுக்கிட்டேதான்.”

“இதுங்க கூட்டமா மேயுற பறவைங்க. கூட இருக்கிறவங்க தின்னாத்தான் தானும் தின்னும். இப்ப இதுங்களுக்குக் கூட்டம்னா நீங்கதான். முன்னால உக்காந்து சாப்பிடுங்க.”

பேருந்தில் சீரகம் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெளியே தூறல். கூட்டம் என்ற சொல் கூடவே வந்தது.

மறுநாள் மேஜையில், கூண்டுக்குப் பக்கத்தில் தட்டு வைத்தாள். கிளிகளுக்கு வைத்ததையே தனக்கும் வைத்தாள். கூண்டைத் திறந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அரசாணிக்காய் இனித்தது. உப்பில்லாத இனிப்பு. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மென்றுகொண்டிருந்த வாய் சற்று நேரம் அசையவில்லை. பிறகு மென்றாள்.

சீரகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவ்வளவுதான்.

அடுத்த நாளும் அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும். அவள் உட்கார்ந்தாள். மென்றாள். மழை பெய்தது, விட்டது.

ஒரு காலை, சீரகம் கூண்டுக் கம்பியைப் பிடித்து இறங்கியது. மேஜையில் தத்தித் தத்தி நடந்தது. தட்டின் விளிம்பில் ஏறி ஒரு முருங்கை இலையை இழுத்தது. கீழே போட்டது. இன்னொன்றை இழுத்தது. மென்றது.

கடுகு சீழ்க்கை அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. தமயந்தி ஒற்றை விரலால் அரசாணிக்காய்த் துண்டு ஒன்றை அவற்றின் பக்கம் தள்ளினாள். சீரகத்தின் அலகில் மஞ்சள் அப்பிக்கொண்டது.

“தின்னுடா சாமி,” என்றாள். அந்த வீட்டில் அன்று எழுந்த முதல் மனிதக் குரல்.

மார்கழியில் தராசு முள் நல்ல பக்கம் நகர்ந்தது. ஈரல் தேறிவருகிறது என்றார் டாக்டர். இனி அவை தாமாகவே தின்னும், பக்கத்தில் உட்கார வேண்டிய கட்டாயமில்லை என்றார்.

உண்மைதான். வீட்டுக்கு வந்து கிண்ணத்தை வைத்ததும் இரண்டும் அவளைப் பார்க்காமலே தின்ன ஆரம்பித்தன. பயறு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தமயந்தி சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். வயிற்றில் ஏதோ இழுத்தது. என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது.

பசி.

உலை வைத்தாள். சோறு வெந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு, வந்து உட்கார்ந்தாள்.