இரண்டு கேமராவும் ராஜமும்

கடற்கரையோரத்து அந்தக் குடியிருப்பில் லக்ஷ்மிநாராயணனைக் கேட்காமல் யாரும் மின்விசிறிகூட வாங்குவதில்லை. அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. குழாய்களின் வெப்பத்தை அளப்பது வேலை. அதற்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையும் அரைமணி நேரம் விளக்கியிருப்பார். சந்தேகத்தோடு வருகிறவரை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "பொதுவாச் சொல்லிட முடியாது" என்று தொடங்குவார். வந்தவர் கடைசியில் தான் முதலில் நினைத்ததையே போய் வாங்குவார். அது நன்றாக ஓடினால் லக்ஷ்மிநாராயணன் சொன்னதால் ஓடியது. ஓடாவிட்டால், அவர் சொன்னதை வந்தவர் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிலையத்தில் எதை வாங்குவதென்றாலும் இரண்டு மூன்றை வரவழைத்து, ஒரே மாதிரி சோதித்து, மதிப்பெண் போட்டு, காரணம் எழுதிய பிறகுதான் வாங்குவார்கள். அணு உலைக்கு அது அவசியம். லக்ஷ்மிநாராயணன் அந்த முறையைச் சமையலறைக்கும் கொண்டுவந்திருந்தார். குக்கர் வாங்கிய சமயத்தில் ஒரே பருப்பு இரண்டு குக்கரில் வெந்தது. அவருடைய மனைவி ராஜம் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் ருசி பார்த்தாள். இரண்டும் பருப்பாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்ன தீர்ப்பை அவர் ஏற்கவில்லை.

டிஜிட்டல் கேமராவை மட்டும் அவர் வருஷக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆரம்பித்தபோது மூன்று மெகாபிக்சல் பெரிய விஷயம். நான்கு வரப்போகிறது, பொறுப்போம் என்றார். நான்கு வந்ததும் ஐந்துக்குப் பொறுத்தார். இதற்குள் மகள் ரோகிணிக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அது 2006.

கல்யாண ஆல்பம் செங்கல்பட்டிலிருந்து வந்தபோதுதான் ராஜத்துக்கு விஷயம் தெரிந்தது. கனமான ஆல்பம், பட்டுத்துணி போட்ட அட்டை. சம்பந்தி வீட்டுச் சித்தப்பாக்கள் எல்லோரும் இருந்தார்கள். ஐஸ்கிரீம் கொடுத்த ஆள் மூன்று படத்தில் இருந்தான். பெண்ணைப் பெற்ற ராஜம் இல்லை. முகூர்த்த நேரத்தில் சீர்த்தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள், ஊஞ்சலின்போது காப்பிக்குப் பால் வரவில்லை, வரவேற்பின்போது யாருக்கோ மாத்திரை. தாரை வார்க்கும் படத்தில் அவள் கை மட்டும் இருந்தது. வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தாள். இன்னொரு படத்தில் வீடியோக்காரர் விளக்குக்குப் பின்னால் புடவைத் தலைப்பு தெரிந்தது.

ராஜம் அழவெல்லாம் இல்லை. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, ரோகிணி ஊருக்குப் போவதற்குள் அவளோடு தனக்கு ஒரு படம் வேண்டும் என்று மட்டும் கணவரிடம் சொன்னாள். மாப்பிள்ளை ஜானகிராமனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் இருவரும் கிளம்புகிறார்கள்.

"ஸ்டூடியோல போய் நின்னா அஞ்சு நிமிஷம்" என்றாள் ராஜம்.

"இப்பப் போய் ஃபிலிம்ல எடுப்பாளா யாராவது?" என்றார் லக்ஷ்மிநாராயணன். ஆராய்ச்சி முடிவு கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அவர் அன்றே அறிவித்தார்.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை வைத்திருந்த ராஜேந்திரன், குடியிருப்பு வியாபாரம் முழுவதும் இந்த மனிதரின் வாயில் இருக்கிறது என்பதை அறிந்தவர். பார்வைக்கு வைத்திருந்த இரண்டு கேமராக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நம்பிக்கையின்பேரில் கொடுத்தார். திங்கட்கிழமை ஒன்று திரும்பி வந்தால் போதும் என்றார். ஒன்று வெள்ளி நிறம்: ஆறு மெகாபிக்சல், பெரிய திரை, சார்ஜ் போடும் பேட்டரி. மற்றது கருப்பு: ஐந்து மெகாபிக்சல், சின்னத் திரை, கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டு.

கம்பெனிப் பெயரைப் பார்த்து மனம் ஒருபக்கம் சாயக்கூடாது என்பதற்காக, லக்ஷ்மிநாராயணன் இரண்டின் மேலும் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். ராஜம் ஒட்டி, ஒன்றில் 'ஏ' என்றும் மற்றதில் 'பி' என்றும் எழுதினாள். ஒன்று வெள்ளி, ஒன்று கருப்பு என்பதைப் பிளாஸ்திரி மறைக்கவில்லை. அதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்கெனவே திருவிடந்தைக்கு என்று வைத்திருந்தது. கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ரோகிணி போன வருஷம் அந்தப் பெருமாள் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றியிருந்தாள். அந்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் புருஷனோடு வந்து கோயிலில் சேர்க்க வேண்டும். காய்ந்து நாராகிப்போன மாலை ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. ராஜம் அரக்கு நிறப் பட்டு கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வாங்கியது; கல்யாணத்தன்று அது மடிப்பு கலையாமல் இருந்து பார்க்க அவளுக்கே வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வாடகைக் கார் ஓட்டி வந்தவர் கருங்குழிக்காரர் ஜான்சன். வழியெல்லாம் லக்ஷ்மிநாராயணன் மாப்பிள்ளைக்கு ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். அது தெரிந்த விஷயம்தான் என்று ஜானகிராமன் சொல்லவில்லை. புது மாப்பிள்ளை.

கோயிலுக்குள் படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்ததால், மாலையைச் சேர்த்துவிட்டு வெளியே வந்ததும் சோதனை ஆரம்பமாயிற்று. தம்பதியை வெயிலில் நிறுத்தி, 'ஏ'யால் ஒன்று, அதே இடத்தில் நின்று 'பி'யால் ஒன்று. நிழலில் அதேபோல. சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று. நிறம் மாறாமல் வருகிறதா என்று பார்க்க, படத்துக்குள் ஒரு வெள்ளைத் தாள் இருந்தாக வேண்டும். அதைப் பிடிக்கும் பொறுப்பு ராஜத்துக்கு.

ராஜம் தாளைப் பிடித்துக்கொண்டு மகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் தள்ளி" என்றார் லக்ஷ்மிநாராயணன். "தாள் வந்தாப் போறும். நீ வர வேண்டாம்."

"அம்மாவும் இருக்கட்டுமேப்பா" என்றாள் ரோகிணி.

எத்தனை முகம் இருக்கிறதோ அத்தனைக்குக் கேமரா கவனம் சிதறும், முதலில் இரண்டு முகத்துக்குச் சோதிப்போம் என்றார் அவர். அம்மாவுக்குத் தனியாக ஒரு சோதனை வைத்திருப்பதாகவும் சொன்னார். தானாக எடுத்துக்கொள்ளும் டைமர்; மகாபலிபுரத்தில், கடைசியாக. அதில் எல்லோரும் வரலாம். ராஜம் தள்ளி நின்று கையை மட்டும் நீட்டினாள்.

ஜான்சன் காரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்துக்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, சாரு இம்மாம் நேரமா படம் புட்சிகினே கீறாரு?"

"படம் பிடிக்கலைப்பா" என்றாள் ராஜம். "பிடிக்கலாமான்னு பார்த்துண்டிருக்கார்."

மகாபலிபுரத்தில் மத்தியான வெயில். கடற்கரைக் கோயிலைத் தூரத்தில் வைத்து ஜூம், சிப்பி மாலையைப் பக்கத்தில் வைத்து ஒன்று, ஓடுகிற நாயைத் துரத்தி ஒன்று. நாய் இரண்டாவது கேமராவுக்காக மறுபடி ஓட மறுத்தது. அதற்கு இரண்டிலும் மதிப்பெண் கிடையாது என்று லக்ஷ்மிநாராயணன் நேர்மையாக முடிவு செய்தார். ஒவ்வொரு படம் எடுத்ததும் திரையில் பார்த்துப் பெரிதாக்கிக் கண்ணிமையை ஆராய்ந்தார். ராஜத்திடம் இப்போது தாளோடு குடையும், சும்மா இருக்கும் கேமராவின் உறையும், தண்ணீர் பாட்டிலும் சேர்ந்திருந்தன. இரண்டு தடவை டைமர் எப்போது என்று கேட்டாள். வரிசை மாறக்கூடாது என்று பதில் வந்தது.

கடைசியில் டைமர் வந்தது. ராஜம் தாள், உறை, குடை, பாட்டில் எல்லாவற்றையும் ஜான்சனிடம் கொடுத்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மகளை ஒட்டி நின்றாள். மறுபக்கம் ஜானகிராமன். லக்ஷ்மிநாராயணன் ஒரு குட்டைச் சுவரின் மேல் இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டுக்கும் குறிப்புப் புத்தகத்தை அவர் முழுவதும் படித்திருந்தார். வெள்ளியில் டைமர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு வினாடி, இருமுறை அழுத்தினால் பத்து வினாடி. கருப்பில் ஒருமுறை அழுத்தினாலே பத்து. இது அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்றை ஒருமுறையும் மற்றதை இருமுறையும் அழுத்துவது சமமான சோதனை ஆகாது. ஆகவே இரண்டையும் ஒருமுறை அழுத்திவிட்டு ஓடினார்.

பாதி வழியிலேயே வெள்ளி எடுத்துவிட்டது. அதில் வந்தது அவருடைய முதுகு மட்டும்.

சத்தம் கேட்டுத் திரும்பிய லக்ஷ்மிநாராயணன், என்ன வந்திருக்கிறது என்று பார்க்கச் சுவருக்கே ஓடிக் குனிந்தார். பக்கத்தில் கருப்பின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. "அப்பா, அது இன்னும் எடுக்கலை" என்றாள் ரோகிணி. "எது?" என்றார் அவர், குனிந்தபடியே. கருப்பு எடுத்தது.

இன்னொரு முறை எடுக்கலாம் என்று எல்லோரும் அப்படியே நின்றார்கள். வெள்ளியின் திரை அணைந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது. கருப்பும் பேட்டரி இல்லை என்று எழுதிக் காட்டியது.

"பென்சில் பேட்டரி தான சார்? தோ, அந்தப் பொட்டிக்கடைல கீது. ரெண்டு வாங்கியாறேன்" என்று ஜான்சன் நகர்ந்தார்.

லக்ஷ்மிநாராயணன் தடுத்தார். ஒன்றுக்கு மட்டும் புது பேட்டரி போட்டால் காலையிலிருந்து செய்த ஒப்பீடு முழுக்கச் செல்லாமல் போய்விடும் என்றார்.

"ஒப்பீடு கிடக்கட்டும், எனக்கு ஒரு படம் வேணும்" என்றாள் ராஜம்.

"எல்லாம் ஒரே நிபந்தனைல நடக்கணும் ராஜம். இல்லேன்னா இன்னிக்கு வந்ததுக்கே அர்த்தமில்லை."

ராஜம் குடையை வாங்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். திரும்பும் வழியில் லக்ஷ்மிநாராயணன் பென்சில் பேட்டரியின் குறைகளைப் பேசினார். யாரும் மறுக்காததால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் லேப்டாப்பில் படங்கள் ஜோடி ஜோடியாக ஏறின. லக்ஷ்மிநாராயணன் மதிப்பெண் போட்டுக்கொண்டே போனார். எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு கையும் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தன. வெள்ளி, அதாவது 'ஏ', முன்னால் போய்க்கொண்டிருந்தது. டைமர் படங்கள் வந்தன. முதலாவது முதுகு. பூஜ்யம் போட்டு அழித்தார். இரண்டாவது வந்ததும் அதற்கும் பூஜ்யம் என்று சொல்லி, அழிக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் கை காட்டினார்.

"அதைத் தொடாதீங்கோ" என்றாள் ராஜம். காப்பி தம்ளரோடு பின்னால் நின்றிருந்தாள்.

திரையின் இடது பக்கத்தில் லக்ஷ்மிநாராயணனின் காது பெரிதாக, கலங்கலாக இருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பும் தெரிந்தது. மாப்பிள்ளையை அந்தக் காது மறைத்துவிட்டிருந்தது. அதைத் தாண்டி, தெளிவாக, ராஜமும் ரோகிணியும். ரோகிணி அம்மாவின் தோளில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ராஜம் பல் தெரிய, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அரக்குப் புடவை முழுதாக இருந்தது. அவள் கையில் எதுவும் இல்லை.

"அம்மா, என்னம்மா இப்படிச் சிரிக்கறே நீ" என்றாள் ரோகிணி.

ராஜம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதை எடுத்தது எது?"

"பி. ஆனா இது ஒரு படமே இல்லை ராஜம்."

"அதையே வாங்குங்கோ."

லக்ஷ்மிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு, பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று தொடங்கினார். ஆறுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம், திரை, சார்ஜ், நிழலில் வரும் புள்ளி என்று வரிசையாக அடுக்கினார். ராஜம் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரியா இருக்கும்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த வெள்ளி அவசரப்பட்டுது. இது நின்னு எடுத்துது."

ஜானகிராமன் முதன்முறையாக மாமனார் வீட்டில் ஒரு தொழில்நுட்பக் கருத்து சொன்னான். அத்தை சொல்வது ஒரு செல்லத்தக்க அளவுகோல்தான் என்றான். லக்ஷ்மிநாராயணன் மாப்பிள்ளையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி தன் காதைப் பார்த்தார். அப்புறம் 'ஏ'யிலிருந்து பிளாஸ்திரியைப் பிய்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வெள்ளி கடைக்குத் திரும்பியது. அடுத்த வாரமே குடியிருப்பில் ஒரு கருத்து பரவிற்று: மெகாபிக்சலில் ஒன்றுமில்லை, டைமரின் தாமதம்தான் முக்கியம், லக்ஷ்மிநாராயணன் கடலோரத்தில் விரிவாகச் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஏன் முக்கியம் என்று கேட்டவர்களுக்கு அவர் அரைமணி நேரம் விளக்கினார். காதைப் பற்றி அதில் எதுவும் வரவில்லை. பொங்கலுக்குள் ராஜேந்திரன் கடையில் கருப்பு தீர்ந்துவிட்டது. வெள்ளி அப்படியே இருந்தது.

மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு, ராஜம் அந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போனாள். லக்ஷ்மிநாராயணனும் கூட வந்தார். எந்தத் தாளில் அச்சிடலாம் என்பதில் அவருக்குச் சில அபிப்பிராயங்கள் இருந்தன. ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சோக்கா வந்துகீதும்மா. ஆனா ஓரத்துல யாருதோ காது ஒண்ணு கீது பாரு. கட் பண்ணிடவா? கட் பண்ணா ஃப்ரேம் நீட்டா வரும்."

லக்ஷ்மிநாராயணன் தாள் மாதிரிகளைப் பார்ப்பதுபோல் நின்றார். ராஜம் காதையும் பார்த்தாள், அதைத் தாண்டி இருவரையும் பார்த்தாள்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள். "அதைப் பார்த்துதான் நாங்க சிரிச்சிண்டிருக்கோம்."