ஜெபமாலையில் சீட்டுக் கணக்கு

நீ சூதாடுகிறாயா என்று இஞ்ஞாசியிடம் கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். குதிரைக்குக் கட்டுகிறவன் சூதாடி, நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவன் சூதாடி; தான் செய்வது சுத்தமான கணக்கு என்பான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க் அவன். எண்ணுவதற்கே சம்பளம் வாங்குகிறவனுக்குச் சீட்டு எண்ணுவதா பெரிய காரியம்?

எழுபத்தெட்டாம் வருஷம் அவனுக்கு இந்தப் பித்தை ஏற்றிவிட்டவன் கூட வேலை பார்க்கும் அழகப்பன். பிராஸ் பாசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் பிளாக்ஜாக் சீட்டாட்டம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தான். சீட்டுக்கட்டில் பெரிய சீட்டுகள் நிறைய மிச்சமிருந்தால் ஆடுகிறவனுக்கு நல்ல நேரம்; அப்போது கூட்டிக் கட்ட வேண்டும். அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படச் சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பதைக் கண்டுகொள்ளாதே. ஒரு கட்டு முழுதும் விழுந்து முடிந்தால் கணக்கு சைபரில் நிற்க வேண்டும்.

"இவ்வளவுதானா!" என்று உட்கார்ந்தான் இஞ்ஞாசி. முதல் நாள் ஏழில் நின்றது. மறுநாள் மைனஸ் நாலில். மூட்டை தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாக வரும், பின்னால் போகாது; சீட்டு அப்படியா?

விடாமல் பழகிச் சைபருக்குக் கொண்டுவந்து காட்டியபோதும் அழகப்பன் உதட்டைப் பிதுக்கினான். "வாய் முணுமுணுக்குது. விரல மடக்குறே. மலேசியாவுல மலைமேல இருக்கிற காசினோவுல இப்படிப் பண்ணுனா வெளிய தள்ளிருவான் லா. அதோட டேபிள்ல ஆளாளுக்குப் பேச்சுக் குடுப்பாங்க. பதில் சொல்லிக்கிட்டே எண்ணணும்."

வாய்க்கும் விரலுக்கும் இஞ்ஞாசியே ஒரு வழி கண்டுபிடித்தான். கால்சட்டைப் பைக்குள் ஜெபமாலை. மாதா சுரூபம் கோத்திருக்கும் இடம் சைபர். கூட்டலுக்கு ஒரு மணி முன்னால், கழித்தலுக்கு ஒரு மணி பின்னால். மாதாவே, இப்படி ஒரு யோசனை வேறு எந்தக் கிறிஸ்தவனுக்கு வரும்!

பேச்சுக்கு ஆள் வீட்டிலேயே இருந்தாள். செலிகி ரோடு அடுக்குமாடியில் அவர்களுக்கு இரண்டறை வீடு. சாயந்தரம் மேசையில் காய் நறுக்கிக்கொண்டே அவன் மனைவி உர்சுலா அன்றைய சங்கதிகளைச் சொல்வாள். எதிரே இவன் சீட்டைப் பிரித்துப் போடுவான், ஒரு கை மேசைக்குக் கீழே ஜெபமாலையோடு. அவளுக்கு 'ம்ம்' கொட்ட வேண்டும், கணக்கும் தவறக் கூடாது. அதுதான் பயிற்சி.

"ஏங்க, இன்னிக்குக் கே.கே. ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

ஐந்து. ஒரு மணி முன்னால். "ம்ம்."

"வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க."

ராணி. பின்னால். "அப்படியா."

"அடுத்த சனிக்கிழமை காலையில அட்மிட் ஆகணுமாம். அன்னிக்கே ஆபரேஷன். நீங்க கூட இருப்பீங்கல்ல?"

மூன்று, பத்து. முன்னால், பின்னால். "இருப்பேன், இருப்பேன். பயப்படாதே."

கடைசிச் சீட்டு விழுந்தது. விரல் சுரூபத்தில் வந்து நின்றது. இஞ்ஞாசி முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். உர்சுலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகும் இரண்டு தடவை அந்தப் பேச்சை எடுத்தாள். இரண்டு தடவையும் கணக்கு சைபரில் முடிந்தது.

மலைக் காசினோவுக்கு அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் பஸ். அழகப்பன் டிக்கெட் எடுத்துவிட்டான். உர்சுலாவிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள், கிளம்பும்போது கிளாங் ஊரில் கூட்டாளி வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான் இஞ்ஞாசி. அன்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தால் உர்சுலா இல்லை. கதவோரம் ஒரு பை. உள்ளே சரோங், துண்டு, பிளாஸ்க்.

பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாள் எட்டிப் பார்த்தாள். "உர்சுலா பூசைக்குக் காசு குடுக்கக் கோவிலுக்குப் போயிருக்கு தம்பி. நாளைக்குக் காலையில நீதானே கூட்டிட்டுப் போறே? ஜெபமாலையும் கையுமா இருக்கியாமே, சொல்லிச்சு. கட்டிய எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும். மாதா கைவிட மாட்டா."

எந்தக் கட்டி என்று கேட்க வாய் வந்தது. பெண்டாட்டிக்கு என்ன வியாதி என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்கிற புருஷன் உண்டா? தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று விழுந்த ஐந்து ஞாபகம் வந்தது, ராணி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் அவள் சொன்னதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் வரவேயில்லை. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கீழே கோப்பிக் கடைக்கு இறங்கிப் போய் அழகப்பனுக்கு போன் போட்டான். "ஐயோ, டிக்கெட் எடுத்தாச்சு லா!" என்று அவன் கத்தக் கத்த போனை வைத்தான்.

சனிக்கிழமை காலை வார்டில் பச்சை அங்கியோடு படுத்திருந்தாள் உர்சுலா. அவன் கட்டிலை ஒட்டி நின்றான். கை பைக்குள் ஜெபமாலையில் இருந்தது. இந்த முறை நிஜமாகவே ஜெபம்தான்.

"அழகப்பன் பஸ்ஸு போயிருச்சா?" என்றாள்.

இஞ்ஞாசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவர் பொண்டாட்டி மங்களம் தேக்கா மார்க்கெட்டுல எல்லாத்தையும் சொல்லிருச்சு. அது சொல்லாட்டியும் தெரியும். ஜெபம் சொல்றவங்க கையில ஜெபமாலை பின்னால போகாதுங்க."

"அப்ப பிலோமினக்கா வந்து சொன்னது..."

"நான்தான் போகச் சொன்னேன். நான் சொன்னா உங்க காதுல ஏறல. அடுத்தவங்க சொன்னாலாவது ஏறுதான்னு பாத்தேன்."

"திட்டியிருக்கலாமே, உர்சுலா."

"திட்டுனாலும் ம்ம்னுதானே சொல்லியிருப்பீங்க."

தாதி தள்ளுகட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். உர்சுலாவின் கண் கலங்கியது. "எனக்குப் பயமா இருக்குங்க. அன்னிக்கும் அதத்தான் சொல்ல வந்தேன்."

'ம்ம்' என்பது பழக்கதோஷத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. இஞ்ஞாசி அதை விழுங்கினான். பைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லு" என்றான்.