முதல் தட்டில் எழுதியிருந்தது

என் மனைவி கெஷேயின் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று சொன்னால் கோழிக்குக் கோபம் வரும். இருபது வருஷமாக நான் அதைக் கேலி செய்துவந்தேன். இந்த ஜூனில் அந்தக் கேலி என் தலையிலேயே விடிந்தது.

புதன்கிழமை அவளுடைய கணினி செத்துப்போனது. உள்ளே பதினோரு வருஷ உழைப்பு: மழையில் வெடிக்காத ஒரு செர்ரிப் பழத்துக்காக, எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் வைத்தாள் என்ற குறிப்புகள். திங்கட்கிழமைக்குள் அவற்றைப் பயிர் வகைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் அவள் உருவாக்கிய மரத்தைப் புது வகை என்று பதிவார்கள்.

கெஷே பதறவில்லை. "எதுக்கு இப்படி முழிக்கிற? மாசக் கடைசி வெள்ளி தவறாம குறுந்தட்டுல ஏத்தி வச்சிருக்கேன்ல" என்று தட்டுகள் அடுக்கிய பெட்டியை இறக்கினாள்.

அவள் முறை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒரே குறுந்தட்டில் ஏற்றினாள். அதன்பின் மாதாமாதம் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் வேறொரு தட்டில் ஏற்றித் தேதி போட்டு, கடைசியில் செருகிவிடுவாள். ஆக, முதல் ஒன்பது வருஷமும் முதல் தட்டில் மட்டும்தான் இருந்தன.

"யாஸ்பர், முதல் தட்டு எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். போன வருஷம் காய் சிவக்கும்போது சூறைக்குருவிகள் படையெடுத்தன. எங்கள் ஊரில் பழைய தட்டுகளைக் கிளையில் கட்டித் தொங்கவிடுவோம், மினுக்கத்தில் குருவி மிரளும் என்று. ஒரு தட்டு குறைந்தது. அவள் பெட்டியைத் திறந்தேன். முதலில் இருந்த தட்டில் தேதியில்லை, 'அல்டெஸ்' என்று ஒரு சொல் மட்டும். எங்கள் மொழியில் 'பழையது.' புதிது அத்தனை இருக்கப் பழையது எதற்கு என்று அதை எடுத்துக் கட்டிவிட்டேன்.

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். தட்டு தொங்கியது அவளுடைய அந்த மரத்தில்தான். ஒரு வருஷ வெயிலும் பனியும் தின்று, நடு வளையத்தில் எழுதிய சொல் தவிர மினுக்கமெல்லாம் உரிந்து, அதன் வழியாக வானம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கணினியில் மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் அது உறுமிவிட்டுத் துப்பியது. பெட்டியும் தட்டுமாக மரத்தடிக்கே திரும்பினோம்.

"என்ன எழுதியிருக்கு, படி" என்று தட்டை நீட்டினாள் கெஷே.

"அல்டெஸ்."

"'அல்லெஸ்'டா. எல்லாம். 'எல்லாம்'னு எழுதியிருக்கேன்."

உற்றுப் பார்த்தேன். இரண்டு 'எல்' எழுத்துகள். இரண்டாவதின் மேல் பேனா வழுக்கி ஒரு கோடு விழுந்ததில் அது 'டி' ஆகியிருந்தது. ஊர்ப்பெயரே அல்டெஸ் லாண்ட். பலகை பலகையாக அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்த கண் வேறெப்படிப் படிக்கும்? 

"தோட்டத்துல எழுதின நோட்டு..." என்று இழுத்தேன்.

"கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னு அடுப்புல போட்டது யாரு? நான்தான்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் ஏணியை மரத்தில் சாத்தினாள். பிறகு பெட்டியை என் கையில் திணித்தாள்.

"முதல் ஒன்பது வருஷம் இல்லாம இது எதுக்கு? இதையும் கட்டிடு. பழமாச்சும் மிஞ்சட்டும்."

கட்டினேன். வேறென்ன செய்ய? நான்காவது தட்டைக் கட்டும்போதே ஒரு சூறைக்குருவி வந்து, என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.