மெல்பர்ன் ரேட்டு

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வினோத்ராஜ், காலையில் கைப்பேசியைத் திறந்ததும் மூன்று விவரங்களைப் பார்ப்பான். முதலில், போடி ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போனது. அடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புத்தடி ஏலத்தில் என்ன விலை. மூன்றாவதாக, ஆஸ்திரேலியாவில் சளிக்காய்ச்சல் ஏறுகிறதா, இறங்குகிறதா.

மூன்றாவது அவன் மகளுக்காக. மனைவி ஜெஸ்லின் மெல்பர்னில் நர்ஸ். குழந்தை ஏப்ரலில், நாள் நிறைவதற்கு முன்பே அங்கே பிறந்துவிட்டது. நுரையீரல் தேறும்வரை சளி, இருமல் பக்கமே காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வினோத்ராஜுக்கு விசா வந்த நேரம் மலையில் காய் பறிப்பு தொடங்கிவிட்டது. சீசனில் கடையை விட்டு எங்கே போவது? அங்கே ஆகஸ்ட்வரை குளிர்காலம்; அது முடிந்ததும் அவர்களே வரட்டும் என்று இருந்துவிட்டான். மகளை இன்னும் கையில் வாங்கவில்லை.

அந்த நாட்டு அரசாங்கம் வெளியிடும் அறிக்கையில் ஃப்ளூவுக்கு ஒரு கோடு, குழந்தைகளின் நெஞ்சில் இறங்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு ஒரு கோடு. ஜூலையில் அவை உச்சியில் நின்றபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செப்டம்பரில் சரியத் தொடங்கியும் உடனே நம்பவில்லை. இன்று விழுந்த விலை நாளைக்கு ஏறுவதை எத்தனையோ தடவை பார்த்தவன். விடாமல் சரிந்த பிறகுதான் டிக்கெட் போட்டான். ஐப்பசிக் கடைசியில் வருகிறார்கள். சபையில் ஞானஸ்நானத்துக்கும் சொல்லியாயிற்று.

அடைமழை பிடித்த ஒரு மத்தியானம் ஜெஸ்லின் வீடியோவில் வந்தாள். மடியில் குழந்தை. இவன் கடைக்குள் நின்றிருந்தான். பின்னால் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கி என்ன ரேட்டு மொதலாளி?” என்றாள். காய்ச்சல் கணக்கை ‘ரேட்டு’ என்று கேட்பது அவளுக்கு எப்போதும் கேலி.

“சுத்தமா எறங்கிருச்சு புள்ள. இனிமே பயமே இல்ல.”

அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். “அங்கன யாரு இருமுறது?”

“மொக்கம்மாக்கா.”

“இன்னொரு ஆளும் இருமுதே.”

“எல்லாருக்குந்தான். மழ பேஞ்சா வருசாவருசம் வர்றதுதான?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

“வருசாவருசம் வர்றதுதான,” என்று அவளும் சொன்னாள். “மெல்பர்ன் ரேட்டு சரி. போடி ரேட்டப் பாத்தீகளா?”

பார்க்கவில்லை. அன்றுதான் தேடினான். தமிழ்நாட்டில் ஃப்ளூ கோடு மழையோடு மேலேறிக்கொண்டிருந்தது. முந்தைய வருடங்களிலும் அப்படித்தான். புத்தடி விலையைக் கேட்காமல் போடியில் ஒரு மூட்டை எடுக்காதவன், பிள்ளை விஷயத்தில் ஒரே சந்தையைப் பார்த்துத் தேதி குறித்திருக்கிறான்.

மறுபடி அழைத்தான். “டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். தை கழியட்டும்.”

“விசாவ வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? நீங்க வாங்களேன்.”

“சீசன்ல எப்பிடி…”

“காய் அடுத்த வருசமும் காய்க்கும். இவ அதுக்குள்ள நடந்துருவா.”

“சரி, நானே வர்றேன் புள்ள.”

“ஆனா ஒண்ணு, இருமலோட வந்தீகன்னா வாசல்லயே நிப்பாட்டிருவேன்,” என்றாள்.

கடைச் சாவியை அப்பா இம்மானுவேலிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை முகக்கவசம் கட்டி, மேசையைக் கடை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். அங்கும் உட்கார முடியவில்லை; எழுந்து நடந்தான்.

“என்ன தம்பி, ஏலக்கா வாடையே ஆகலையாக்கும்?” என்றாள் மொக்கம்மாள்.

“மகளப் பாக்கப் போறேன்க்கா.”

“அதுக்கு எங்களத் தள்ளி வைக்கிறீகளோ?” அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“நீங்க மொதல்ல வீட்டுக்குப் போயி படுங்க. சம்பளத்துல பிடிக்க மாட்டேன்.”

“இதச் சொல்ல ஒங்க மக வந்து பெறக்கணுமா? போன வாரமே சொல்லிருக்கலாம்,” என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் தொண்டை கரகரத்தது. காய்த் தூசி ஏறினாலும் இப்படித்தான் கரகரக்கும். இந்தத் தொழிலில் அது பழக்கம். ஆனாலும் சுடுதண்ணீர் குடித்தான், உப்புநீரில் கொப்பளித்தான், பெட்டியைப் பூட்டினான், திறந்தான். கடைசியில் பஸ் ஏறித் தேனிக்கு வந்தான். லேபில் ஃப்ளூ சோதனைக்கு மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் முடிவு தெரியும் என்றார்கள்.

ஊருக்குத் திரும்ப மனமில்லை. மழைத்தூறலில் லேப் வாசலிலேயே இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தான். கைப்பேசி அதிர்ந்தது. ஜெஸ்லின் எழுதியிருந்தாள்: “உங்க ரேட்டு என்ன?”

“இன்னும் ஏலம் முடியல,” என்று அனுப்பிவிட்டு, தொண்டையைச் செருமப் போனவன் அடக்கிக்கொண்டு நடந்தான்.