பல் தெரிகிற படங்கள்

சிரிப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேருந்தின் பின்சீட்டில் யாராவது சிரித்தால் போதும், என் சட்டைக் காலரைத் தடவிப் பார்ப்பேன். எல்லாம் உன் நினைப்பு என்பார் அண்ணன். நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோ அவருடையது. ஊரே சிரிக்கிறது, நினைப்பாம் நினைப்பு!

நான் உள்ளறையில் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்குகிறவன். யார் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்றுதான் அந்த வேலை. சென்ற மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல். ஒரு நர்ஸம்மாவின் பணி ஓய்வு விழாவுக்கு, கேமராவை என் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து 'ரெடி' என்றேன். குரல் கீச்சென்று வந்தது. நடுவில் நின்ற நர்ஸம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. கை மட்டும் கேமராப் பொத்தானைப் பதினோரு தடவை அழுத்தியது.

ஸ்டுடியோவுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அந்தப் பதினொன்றையும் அழித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று திட்டிக்கொண்டே கேமரா கார்டையும் துடைத்தேன். வாய் மூடிய படங்களாகப் பார்த்து ஆல்பத்தை முடித்தேன்.

நேற்று நர்ஸம்மாவின் மகள் வந்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது என்றாள். வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருக்கிறாளாம். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாளாம். சாப்பாடு, பயிற்சி எதற்கும் வாயைத் திறப்பதில்லையாம்.

"அன்னைக்கு அம்மா சிரிச்ச படம் ஆல்பத்துல இல்லைங்க. அதப் பெருசா போட்டுக் குடுங்க. கட்டிலுக்கு எதுர மாட்டணும். இந்த முகம் திரும்பி வரும்னு அவங்க நம்பணும்."

"என்னப் பாத்துத்தானே சிரிச்சாங்க?" என்றேன். எரிச்சல் அப்போதும் அடங்கவில்லை.

அவள் விழித்தாள். "உங்களையா? அன்னைக்கு நீங்களா வந்தீங்க? பின்னாடி நின்ன டாக்டர், எங்கம்மாவோட பட்டப்பேரச் சொன்னாரு, அதுக்குச் சிரிச்சாங்க."

படம் எடுத்தவன் யாரென்றுகூட அவளுக்கு நினைவில்லை. இந்த லட்சணத்துக்குத்தான் இத்தனை வருடம் கூனிக்குறுகிச் செத்தேனா என்று என்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அண்ணன் வேறு, அந்தப் படங்களை எடுத்துக் கொடுடா என்று அவசரப்படுத்தினார்.

"நான் அழிச்சிட்டேன்."

"ஏங்க?"

ஒன்று விடாமல் காரணத்தைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அவள் சிரிக்கவில்லை.