அலறுவதைத் தவிர

என் வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் என்மேல் எத்தனை தடவை காரை ஏற்றினார் என்பதற்குக் கணக்கே இல்லை. நடைபாதையில், பாலத்தின் மேல், கோர்ட் வாசலில். ஒரு தடவை ஹெலிகாப்டரை இறக்கினார். ஒவ்வொரு தடவையும் நான் "ஐயோ, கண்ணு தெரியலையா?" என்று அலறிக்கொண்டு விழுந்தேன். அவர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, ஒரு 'ச்சு' கூடக் கொட்டாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

நான் டப்பிங் கலைஞர். அவர் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர். ஒரு முழு நகரத்தையே அச்சு அசலாகக் கட்டி, இதில் திருடலாம், சுடலாம், எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்று ஒரு கம்பெனி ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. அதன் தமிழ்ப் பதிப்பில், தெருவில் நடந்து போகும் ஒரு பெண்ணுக்கு நான் குரல் கொடுத்தேன். ஸ்டுடியோவில் கொடுத்த தாளில் 'பாதசாரி, பெண், நடுத்தர வயது' என்று போட்டிருந்தார்கள். அந்த நடுத்தர வயதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டாம் பாகத்துக்கும் என்னைக் கூப்பிடுவார்களா என்பது, இதற்கு எப்படி விமர்சனம் வருகிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் விமர்சனத்தை முடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அனுப்பியாக வேண்டும். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'நிறைகள்' என்று போட்டு உருகி உருகி எழுதியிருந்தார். மழை வந்தால் குடை இல்லாதவன் கடையோரம் ஒதுங்குகிறானாம். காயப்போட்ட துணியை யாரோ ஓடிவந்து எடுக்கிறார்களாம். கதாநாயகனுக்கு நாளாக ஆகத் தாடி வளர்கிறதாம். இவருக்கும்தான் வளர்கிறது, நான் பாராட்டி ஒரு வரி எழுதினேனா?

அடுத்தது 'குறைகள்'. சட்டையை மாற்றிக்கொண்டால் போலீசுக்கு ஆளை அடையாளம் தெரிவதில்லை. சரிதான். வங்கியைக் கொள்ளையடித்தவனுக்கு மறுநாள் அதே வங்கி வாசலில் காவலாளி வணக்கம் வைக்கிறார். அதுவும் சரிதான். அதற்குக் கீழே: 'பாதசாரிகளின் குரலில் உயிரில்லை. முக்கியமாக அந்தப் பெண். அலறுவதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.'

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் அவர் செய்கிற முதல் வேலை அது.

"வேலைன்னு வந்துட்டா, வீட்டுக்காரிங்கறதுக்காகச் சலுகை காட்ட முடியாதும்மா. காதுல விழுந்ததைத்தானே எழுத முடியும்?"

"அதுல எனக்கு நல்லதா ஒரு வசனம் இருக்கு. நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

"அப்படியா? என்ன செஞ்சா வரும்?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த 'உயிரில்லை' நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "எனக்கும் உங்க சலுகை வேணாம். ரொம்பச் சின்ன வேலைதான். பெரிய விமர்சகர்தானே, நீங்களே கண்டுபிடிங்க" என்றேன்.

மனிதர் நியாயஸ்தர். உடனே தேட ஆரம்பித்தார். தெருவில் என்னைக் கண்டுபிடித்துப் பின்னாலேயே நடந்தார். "எதுக்குப் பின்னாடியே வர்றீங்க?" என்று அலறினேன். என் பையைப் பிடுங்கிய திருடனைச் சுட்டார். அலறினேன். எரிகிற கட்டடத்திலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அந்தத் தீயை வைத்தவரும் அவரேதான். அதற்கும் அலறினேன்.

"நீ கதை விடறே" என்று எழுந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லிக்கொடுத்து வாங்குகிற பாராட்டு என்ன பாராட்டு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் உள்ளே வந்தாள். அவருடைய தங்கை. டிரைவிங் டெஸ்டுக்குப் போனவள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"மறுபடியும் ஊத்திக்கிச்சு அண்ணி. எதிர்ல வந்தவங்க, குறுக்க வந்தவங்க எல்லாருக்கும் வழி விட்டேன். வழி விட்டே நேரம் போயிடுச்சு. வண்டி மைதானத்த விட்டே வெளிய வரல."

"ஸ்பீட் பிரேக்கர்" என்றார் அவர். தங்கைக்கு அவர் வைத்திருக்கும் பட்டப்பெயர். "இந்தா, இதுல ஓட்டிப் பழகு. யாருக்கும் அடிபடாது. நான் இதை அனுப்பிட்டு வந்துடறேன்." ரிமோட்டை அவள் கையில் திணித்துவிட்டு மேசைக்குப் போனார்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தாள். "அண்ணா, சீட் பெல்ட் போடற பட்டன் எது?"

"அந்த ஊர்ல சீட் பெல்ட் கிடையாது."

"முதல்ல அதைக் குறைல எழுது."

இண்டிகேட்டர் போட்டாள். சிவப்பு விளக்குக்கு நின்றாள். அந்த நகரத்தில் சிவப்பு விளக்குக்கு நின்ற முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். பின்னால் ஒருவன் வந்து முட்டினான். "சாரிங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மூலை திரும்பியதும், சாலையைக் கடக்கிற வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில், கையில் பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பாதசாரி, பெண், நடுத்தர வயது.

நான் சோபா நுனிக்கு நகர்ந்தேன். நாத்தனார் மெல்ல பிரேக் போட்டு, ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுக் கையை ஆட்டினாள். "நீங்க போங்க, போங்க."

அந்தப் பெண் தயங்கினாள். கோட்டில் காலை வைத்தாள். பாதி வழியில் திரும்பி, காரைப் பார்த்து, என் குரலில் சொன்னாள்: "ரொம்ப நன்றிங்க. காலைலேருந்து ஒருத்தர்கூட நிக்கல."

மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

தாளில் 'கார் நின்றால் நன்றி சொல்லவும்' என்று மட்டும்தான் இருந்தது. குரல் பதிவு நடந்த அன்றைக்குக் காலையில் ஸ்டுடியோவுக்கு எதிர்ப்பக்கம் சாலையைக் கடக்க முடியாமல் வெகுநேரம் நின்று, தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருந்தேன். அந்த ஆற்றாமையில், எழுதாத வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், "இது இருக்கட்டும் மேடம்" என்றார்.

என் வீட்டுக்காரர் மேசையை விட்டு எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "அப்ப, இத்தனை நாள்ல நான் ஒரு தடவைகூட நிக்கலையா?"

"இல்லைங்க."

"அண்ணா, பின்னாடி ஒரேயடியா ஹாரன் அடிக்கறாங்க, நான் போகட்டுமா?"

அவர் மேசைக்குத் திரும்பிப் போய் எதையோ அழித்தார், எதையோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். குறைகளில் பாதசாரிகளின் குரலைப் பற்றிய வரிகள் இருந்த இடத்தில் இப்படி இருந்தது: 'இந்த நகரத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு நிற்கத் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.'

"நடுத்தர வயசுன்னு போட்டாங்களே, அதையும் குறைல சேருங்க" என்றேன்.

விமர்சனத்தை அனுப்பிவிட்டு வந்து தங்கையிடமிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார். சம்மணம் போடாமல், காலைக் கீழே ஊன்றி உட்கார்ந்தார். தெருத்தெருவாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், பாலத்துக்குப் பக்கத்தில் பையோடு நின்ற என்னைக் கண்டுபிடித்தார். காரை நிறுத்தினார்.

நான் கடந்து போனேன். காலையிலிருந்து ஒருத்தர்கூட நிற்கவில்லை என்றேன்.

"தப்புதாம்மா" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. "நீ மெதுவாவே போ."