இன்னும் ட்ரெய்னிங்தானா

ஓசூரில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஜனங்கள் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டார்கள். ஒன்று ட்ரெய்னிங், இன்னொன்று பர்மனென்ட். சம்பந்தம் பேசப் போனால் நிலம் எவ்வளவு, ஜாதகம் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். பையன் பர்மனென்டா என்று முதலில் கேட்பார்கள். ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டால் காப்பி கூட ஆறிப்போய்த்தான் வரும்.

என் அண்ணன் மகன் சென்னகிருஷ்ணன் மூன்று கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தவன். வருஷம் முடிகிற சமயத்தில் கேட்டில் நிறுத்தி, போய் வா, கூப்பிடுகிறோம் என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். அவன் நின்ற மிஷினில் வேறொரு பையன் ட்ரெய்னியாக நிற்பான். மாடு மாதிரி வேலை வாங்கிக்கொண்டு, உனக்குக் கற்றுக்கொடுத்தோமே என்பார்கள். அதனால் ட்ரெய்னிங் என்றால் எங்களுக்குத் தெரிந்த அர்த்தம், துரத்தப் போகிறார்கள் என்பதுதான்.

என் மகள் ஜெயமணி பெங்களூரில் ட்ரெய்னிங்கில் இருந்தாள்.

கம்பெனியில் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஏதோ பரீட்சை எழுதினாள், பாஸானாள். டெல்லியிலிருந்து மாதாமாதம் பணம் வரும், நீ ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள் என்று கவர்மென்ட்டே கொடுக்கிறது என்றாள். அதற்கு ஃபெல்லோஷிப் என்று பெயராம். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். கவர்மென்ட் எங்களிடம் வாங்கித்தான் பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து படிக்கிறவளுக்குக் கொடுக்கிறது என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. சென்னகிருஷ்ணன் சிரித்தான். "எங்க சூப்பர்வைசர் என்னையும் தினம் ஃபெல்லோன்னுதான் கூப்புட்டான் சித்தப்பா. முன்னாடி யூஸ்லெஸ்னு ஒண்ணு சேத்துக்குவான். அதுக்கு ஒரு பைசா குடுக்கல."

அவள் ஆராய்ச்சி எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி. உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. கோடையில் கிணறு வற்றுகிறதென்று போர்வெல் போட்டார்கள். போர்த் தண்ணீரில் என்னவோ உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல் காவியேறும். பெரியவர்களுக்கு எலும்பில் ஏறி முட்டி மடங்காது, முதுகு நிமிராது. எனக்குக் கழுத்து. இடம் வலம் திரும்பாது, மேலேயும் போகாது. பஸ் போர்டு படிக்க வேண்டுமென்றால் நாலடி பின்னால் போய் இடுப்போடு சாய வேண்டும்.

ஆனால் என் பெண்டாட்டி பூவம்மாள் அதே பானைத் தண்ணீரைத்தான் குடித்தாள். அவள் பனைமரம் மாதிரி நேராக நடந்தாள். ஜெயமணி கேட்டது அதைத்தான். ஒரே வீடு, ஒரே பானை, ஒருத்தர் வளைகிறார், ஒருத்தர் நிமிர்ந்து நிற்கிறார், ஏன்? இதைக் கேட்கக் கவர்மென்ட் பணம் கொடுக்கிறதா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம், எனக்கே பதில் தெரியாத கேள்விதானே என்று விட்டுவிட்டேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். முதல் இரண்டு வருஷம் முடிகிற சமயம். பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்பார்கள், வேலை நகர்ந்திருந்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்றாள். அவளுக்கு ஊர் ஜனங்களுடைய ரத்தமும் மூத்திரமும் வேண்டும். தை பிறப்பதற்குள் வேண்டும். வளைந்தவர்களும் கொடுக்க வேண்டும், நிமிர்ந்தவர்களும் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கப் பழகி, டாக்டர்களிடம் அனுமதியும் வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

பால் சொசைட்டி வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்தாள். விடிந்ததும் ஊரே அங்கேதான் வரும். நல்ல யோசனைதான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. நீ என்னம்மா வேலை பார்க்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, வேலை இல்லை, ட்ரெய்னிங்கில் இருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

தீர்ந்தது. ட்ரெய்னியா, அப்படியென்றால் நம் கையில் குத்திக் குத்திப் பழக வந்திருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பால் ஊற்றினார்கள், சீட்டு வாங்கினார்கள், அவளைப் பார்க்காத மாதிரி போனார்கள். சிலர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போ, ரத்தம் எதற்கு என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எமர்ஜென்சி வருஷத்தில் எங்கள் ஊருக்கு ஜீப் வந்தது. காய்ச்சலுக்கு ஊசி என்று கூட்டிக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களில் கல்யாணம் ஆகாதவனும் இருந்தான். அதிலிருந்து எங்களுக்கு ஊசியைப் பார்த்தால் ஜீப் சத்தம் கேட்கும்.

நானும் கை நீட்டவில்லை. ஊசி பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜெயமணிக்கு வந்த சூளகிரிச் சம்பந்தம். பையனுக்குக் கொஞ்சம் நிலம், கம்பெனியில் பர்மனென்ட். அவர்கள் வந்து பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டபோது ட்ரெய்னிங் என்றுதான் நானும் சொன்னேன். முடிந்ததும் என்ன கிடைக்கும் என்றார்கள். காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி, முடியட்டும், சொல்லி அனுப்புங்கள் என்று எழுந்துவிட்டார்கள். சென்னகிருஷ்ணனைத் துரத்தின மாதிரி இவளையும் ஒருநாள் துரத்தத்தான் போகிறார்கள். அதை இப்போதே செய்யட்டும், வயசாவது மிச்சமாகும், கல்யாணம் செய்து கொடுத்துவிடலாம். இப்படித்தான் என் புத்தி ஓடியது. வீட்டில் சொல்லவில்லை. பூவம்மாளுக்குத் தெரிந்திருக்கும். அவள் அந்த நாட்களில் எனக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் முதல் நாளே மகளிடம் கையைக் கொடுத்துவிட்டு வந்தவள்.

இன்னொரு நாள் காலை. நான் கேனை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். பெஞ்சில் ஜெயமணி. எதிரே யாருமில்லை. ஐஸ் உருகிப் பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. புதுத் தெருக் கெம்பம்மா, முட்டி மடங்காமல் காலை அகட்டி அகட்டி நடக்கிறவள், பால் சொம்போடு அவள் முன்னால் நின்றாள். ஜெயமணிக்கு முக்கியமாக வேண்டியது இவளைப் போன்றவர்களுடைய ரத்தம்தான்.

"பழகறதுக்கு எங்க கைதான் கெடச்சுதா பாப்பா?" என்றாள் கெம்பம்மா. "பழகி முடிச்சவங்க, பர்மனென்ட் ஆளு யாரானா இருந்தா வரச் சொல்லு. குடுக்கறோம்."

ஜெயமணி கோபப்படவில்லை. கோபப்படுகிற தெம்பு அவளிடம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றி முழங்கை மடிப்பைக் காட்டினாள். எனக்குக் கழுத்து நிமிராது. கீழே இருப்பதுதான் நன்றாகத் தெரியும். அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நரம்பு ஓடுகிற இடமெல்லாம் கன்றிப்போய், நாவல்பழம் நசுங்கின மாதிரி, பழைய கறை மேல் புதுக் கறை.

"பழகறதெல்லாம் என் கையிலயே பழகிட்டேன் அத்தே" என்றாள்.

கெம்பம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ பெத்தவன். நீ குடுத்தியாண்ணா?"

நான் பெஞ்சில் போய் உட்கார்ந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கவர்மென்ட் மேல் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்தக் கறைக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊசி ஏறினதே தெரியவில்லை. கெட்டிக்காரி.

குழாயில் ஏறின ரத்தத்தைக் கெம்பம்மா எட்டிப் பார்த்தாள். "இத்தினி நாளு பாலுல தண்ணி இருக்குதான்னு பாத்தாங்க. இப்ப ரத்தத்துலயும் பாக்கறாங்கோ."

"உன்னுதுல தண்ணி இருந்தாத்தான் தெரிஞ்சுபோவும். ஒக்காரு" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். சொசைட்டி செக்ரட்டரிதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான், அவன்தான் தினமும் பாலில் தண்ணீர் என்று சொல்லி எங்களிடம் வசவு வாங்குகிறவன். கெம்பம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, காலை நீட்டியபடியே பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். தை பிறப்பதற்குள் அவளுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது.

மூன்று வருஷம் நீட்டித்தார்கள். சூளகிரிப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த மூன்று வருஷமும் எப்படிப் போனது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். பண்டிகைக்கு வந்தால் சாயங்காலமே தூங்கிவிடுவாள். டெல்லிப் பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் போர்த் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், பழைய கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். பாதிப் பேர் கேட்டார்கள். ஏன் வளைகிறோம் என்ற கேள்விக்கும் பாதி பதில்தான் கிடைத்தது என்றாள். மீதிப் பாதிக்கு இன்னும் வருஷங்கள் வேண்டுமாம். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தது. ஃபெல்லோஷிப் முடிந்தது. மாதப் பணம் நின்றது.

அதே மாதிரி லேப் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். கவர்மென்ட் வேலை, பர்மனென்ட். நானும் கூடப் போனேன். பெங்களூரில் அந்தக் காம்பவுண்டுக்குள் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவள் சீக்கிரமே வந்துவிட்டாள். நல்ல சகுனமாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க நைனா. எல்லாம் சொன்னேன். நல்லா இருக்குதுன்னாங்க. ஆனா அது ட்ரெய்னிங், சர்வீஸ்ல சேராதுன்னாங்க. இந்த வேலைக்கு அனுபவம் வேணுமாம்."

"அந்த ட்ரெய்னிங்க குடுத்தது யாரு?"

"கவர்மென்ட்டு."

"இப்ப வேணாங்கறது?"

"இதுவும் கவர்மென்ட்டுதான்."

அவளுக்கு அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த காயை எடுத்து உடைத்துக்கொண்டிருந்தாள். பால் சொசைட்டி வாசலில் கெம்பம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். பழகி முடித்தவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல். கெம்பம்மாவுக்காவது கன்றின கையைக் காட்டலாம். இவர்களுக்கு எதைக் காட்டுவது?

அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் வந்து இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் சென்னகிருஷ்ணன் நின்றிருந்தான். கம்பெனியெல்லாம் விட்டுவிட்டு, ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றுகிற டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான் அப்போது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வா பாப்பா. நம்ம பேட்ச்சுல சேந்துட்டே" என்றான்.

அவள் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் எங்களை உட்காரவைத்து ஊருக்குக் கொண்டுவந்து விட்டான்.

கொஞ்ச மாதம் வீட்டில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள் என்று பூவம்மாள் சொன்னாள். பார்க்கலாம் என்றாள். பிறகு ஐதராபாத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குக் கவர்மென்ட் பணம், அதே எலும்பு, அதே தண்ணீர். மீதிப் பாதிக் கேள்வியை அங்கே பார்க்கலாமாம். நல்ல லேப் நைனா என்றாள். வேலையா என்றேன். ட்ரெய்னிங் என்றாள். கிளம்புகிற அன்றைக்கு அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உத்தனப்பள்ளிக்கு நடந்தேன்.

பஸ் வருகிற சமயத்தில் கெம்பம்மா காலை அகட்டி அகட்டி வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பாட்டில். புதுத் தெருவில் போன வாரம் போட்ட போரின் தண்ணீர்.

"எங்க பாப்பா?"

"ஐதராபாத்து அத்தே."

"இன்னும் ட்ரெய்னிங்தானா?"

"ஆமா அத்தே."

கெம்பம்மா உச்சுக் கொட்டினாள். பாட்டிலை நீட்டினாள். "இத குடிக்கலாமா கூடாதான்னு பாத்துச் சொல்லு. வேற யாரானா சொன்னா எங்க தெருவுல கேக்க மாட்டாங்க."

ஜெயமணி மூடியை இறுக்கினாள். பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துக் கிழித்து, பாட்டில் மேல் ஒட்டி, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதினாள். கண்டக்டர் விசில் ஊதினான். ஏறிக்கொண்டாள்.

பஸ் ஜன்னல் என் கழுத்துக்கு எட்டாத உயரம். பின்னால் போய்ச் சாய்வதற்கு இடமில்லை, சாக்கடை. எனக்குத் தெரிந்தது பின் சக்கரமும் கிளம்பின புழுதியும்தான்.

"பாட்டில எங்க வச்சா?" என்று கெம்பம்மாவைக் கேட்டேன்.

"மடியிலதாண்ணா" என்றாள்.